கைக்கு வராத சம்பளம்: சென்னை, சிங்கப்பூர், ஜெர்மனி

'அந்த நாட்டில் வரி எவ்வளவு?' என்று கேட்டால் எல்லோரும் வருமான வரியைத்தான் சொல்வார்கள். நிறுவனம் தன் பங்காகக் கட்டுவது அந்தக் கணக்கில் வருவதே இல்லை. ஆனால் அதுவும் நம் உழைப்பின் விலையிலிருந்து போவதுதான். சிலி நாட்டில் 1981-இல் நிறுவனங்களின் சம்பள வரி பெருமளவு குறைந்தபோது, மிச்சமான பணம் ஊழியர்களின் சம்பளத்தில் ஏறியது என்று பொருளாதார அறிஞர் ஜோனதன் க்ரூபர் ஆராய்ந்து காட்டியிருக்கிறார்.

முதலில் சென்னை. சி.டி.சி. (ஓர் ஊழியருக்காக நிறுவனத்துக்கு ஆகும் முழுச் செலவு) என்று மொத்தத்தையும் எழுதித் தருவதால் நமக்கு இந்தக் கணக்கு ஓரளவு பழக்கம்தான். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் உள்ள 15,000 ரூபாய் சம்பளத்தை எடுத்துக்கொள்வோம். நிறுவனத்துக்கு ஆகும் செலவு சுமார் 17,437; தொழில் வரி போன்றவற்றை விட்டுவிட்டால் கைக்கு வருவது சுமார் 13,087. இடையில் 4,350, அதாவது கால் பங்கு. பயப்பட வேண்டாம். அதில் 2,350 நம் பி.எஃப். கணக்கில் வட்டியோடு சேர்கிறது, 1,250 ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. இ.எஸ்.ஐ., காப்பீடு, நிர்வாகக் கட்டணம் என்று போவது 750 மட்டுமே. வருமான வரி கிடையாது.

சிங்கப்பூர்க் குடிமகன் ஒருவருக்கு, 55 வயது வரை, சி.பி.எஃப். (அந்நாட்டின் கட்டாய சேமநிதி) பிடித்தம் 37%: ஊழியர் 20, நிறுவனம் 17. சம்பளம் 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றால், சிறிய திறன் மேம்பாட்டுத் தீர்வையும் சேர்த்து நிறுவனத்துக்கு 5,861 செலவு, ஊழியர் கைக்கு 4,000. பார்க்கச் சென்னையைவிட மோசம். ஆனால் 1,850 வெள்ளி அவர் பெயரிலேயே இருக்கிறது. வீடு வாங்கவும் எடுக்கலாம். வருமான வரி மாதத்துக்கு நூறு வெள்ளிகூட வராது. வேலை அனுமதியில் போகும் நம்மவர்களுக்கு சி.பி.எஃப். கிடையாது. அந்த 17% நமக்கும் கிடைக்கும் என்று எண்ணிச் சம்பளம் பேசக்கூடாது.

உண்மையிலேயே கனமான சுமை ஜெர்மனியில்தான். சராசரிச் சம்பளம் வாங்கும், குழந்தை இல்லாத தனி ஆளுக்காக நிறுவனம் 100 யூரோ செலவழித்தால் கைக்கு வருவது ஏறக்குறைய 52 (வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி.யின் கணக்கு, 2024). சம்பளத்துக்கு மேல் நிறுவனம் தனியாகக் கட்டுவது 21% அளவுக்கு இருக்கும். அதிக வருமான வரிக்குப் பேர்போன டென்மார்க்கில் இதே ஆளுக்கு நூற்றுக்கு 64 மிஞ்சும். அங்கே நிறுவனம் கட்டுவது சொற்பம், பிடித்தம் ஏறக்குறைய முழுவதும் சம்பளச் சீட்டிலேயே தெரிந்துவிடும்.

ஜெர்மனியில் பிடிப்பதற்கு மருத்துவக் காப்பீடும் வேலையிழப்புக் காப்பீடும் உண்டு, இல்லை என்று சொல்ல முடியாது. ஓய்வூதியம் மட்டும் இடிக்கிறது. ஐந்து ஆண்டு சந்தா நிறைவதற்குள் ஊர் திரும்பும் இந்தியர், 24 மாதம் கழித்துப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கிடைப்பது தன் பங்கான 9.3% மட்டும், நிறுவனம் கட்டிய 9.3% வராது.