ஒய்-ஒய், ஃபால்ட் ட்ரீ, காஸ்ட்: பெரிய விபத்துக்கு எது?

எங்கள் ஆலையில் பெரிய விபத்துகளை விசாரிக்க ஒய்-ஒய் (Why-Why) முறையை விட்டு காஸ்ட் (CAST, ஆளை மட்டும் பார்க்காமல் அமைப்பு முழுவதையும் பார்க்கும் காரண ஆய்வு) முறைக்கு வந்துவிட்டோம். மாறச் சொல்லி வற்புறுத்தியவன் நான். அதனால் என் சாய்வைக் கணக்கில் வைத்தே படியுங்கள்.

டொயோட்டாவில் பிறந்த ஒய்-ஒய் எல்லாருக்கும் தெரிந்தது. ஐந்து முறை ‘ஏன்’ கேட்டால் அரை நாளில் அறிக்கை தயார். சின்னக் காயங்களுக்கு இன்றும் எங்களிடம் அதுதான். ஆனால் அந்த ‘ஏன்’ பெரும்பாலும் ஓர் ஆளிடம் போய் நின்றுவிடும். தீர்வு என்ற கட்டத்தில் ‘மறுபயிற்சி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவோம்.

அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி விபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2005 மார்ச் 23 அன்று பிபி நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வடிகோபுரம் நிரம்பி வழிந்து, வெளியேறிய ஆவி வெடித்து, 15 பேர் இறந்தார்கள். 180 பேருக்குக் காயம். ஏன் வழிந்தது? அளவுக்கு மேல் நிரப்பினார்கள். ஏன்? வெளியேற்றும் வால்வைத் திறக்கவில்லை. ஏன்? எழுதிவைத்த நடைமுறைப்படி செய்யவில்லை. ஒய்-ஒய் இங்கேயே முடிந்துவிடும்.

எம்ஐடியின் நான்சி லெவெசன் உருவாக்கிய காஸ்ட் கேட்பதே வேறு: அந்த நேரத்தில் ஆபரேட்டருக்கு என்ன தெரிந்தது, தான் செய்தது அவருக்கு ஏன் சரியென்று பட்டது? கோபுரத்தில் 158 அடி திரவம் இருந்தபோது லெவல் மீட்டர் காட்டியது 7.9 அடி, அதுவும் குறைந்துவருவதாக. திரவ மட்டம் அளவை மீறினால் அடிக்க வேண்டிய இரண்டாவது அலாரம் அடிக்கவே இல்லை. உள்ளே போகும் அளவு ஒரு திரையில், வெளியே வருவது இன்னொன்றில். சிலர் 12 மணி நேர ஷிஃப்டில் 29 நாளோ அதற்கு மேலோ விடுப்பின்றி வேலை பார்த்திருந்தார்கள். அப்புறம் அதே கேள்வி மேலே ஏறும். கருவிகளைச் சரிபார்த்து முடிக்காமல் ஸ்டார்ட்-அப்புக்கு ஒப்புதல் எப்படிக் கிடைத்தது? ஃப்ளேரோடு (வெளியேறும் வாயுவை எரித்துவிடும் அமைப்பு) இணைக்காத பழைய ப்ளோடவுன் டிரம்மை (கோபுரத்திலிருந்து வழிவதை வாங்கும் கலம்) ஏன் விட்டுவைத்தார்கள்? ஆட்கள் இருந்த டிரெய்லர்களை அதன் பக்கத்தில் நிறுத்த யார் சம்மதித்தது? இறந்த எல்லாரும் அந்த டிரெய்லர்களிலும் அருகிலும் இருந்தவர்கள். மறுபயிற்சி இதில் எதைச் சரிசெய்யும்?

ஒரு கோளாறின் காரணங்களைக் கிளைகிளையாகப் பெட்டி போட்டு வரையும் ஃபால்ட் ட்ரீ, 1962-இல் பெல் ஆய்வகத்தில் மினிட்மேன் ஏவுகணைக்காக வந்தது. இன்டர்லாக் (தவறான இயக்கத்தைத் தடுக்கும் பாதுகாப்பு அமைப்பு), ரிலே (மின்சார சுவிட்ச்) போன்றவற்றின் கோளாறுகளுக்கு நல்ல கருவி என்றே நினைக்கிறேன். ஒரு பாய்லர் டிரிப்புக்கு (பாய்லர் தானாக நின்றுபோவது) மட்டுமே பயன்படுத்தியிருப்பதால் அதற்குமேல் அழுத்திச் சொல்ல மாட்டேன். ‘ஆபரேட்டர் பிழை’ என்று ஒரு பெட்டி போட்டு மூடிவிட்டால் அதுவும் ஒய்-ஒய் நின்ற இடத்தில்தான் நிற்கும்.

காஸ்ட்டுக்கு வாரக்கணக்கில் நேரம் பிடிக்கும். ஆலைத் தலைவர்வரை உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தச் சம்மதத்தை விபத்து நடப்பதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.