தொகுதி எல்லை வழக்கு: ஃபெடரல் நீதிமன்றமா, மாநில நீதிமன்றமா?

அமெரிக்காவில் ஆளுங்கட்சி தனக்குச் சாதகமாகத் தொகுதி எல்லையை வரைந்துகொண்டால் எங்கே வழக்குப் போடுவது?

ஃபெடரல் (மத்திய) நீதிமன்றம் என்றால், அந்தக் கதவு 2019-லேயே மூடிவிட்டது. வட கரோலினா வழக்கில், இது அரசியல் விவகாரம் என்று சொல்லி அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் ஒதுங்கிக்கொண்டது.

மாநில நீதிமன்றம் வேறு கதை. பென்சில்வேனியா மாநிலத்தின் பழைய 7-வது நாடாளுமன்றத் தொகுதியை வரைபடத்தில் பார்த்தால் மனசு கொதிக்கும். ஓரிடத்தில் அதன் அகலமே ஒரு உணவகத்தின் அகலம்தான். தேர்தல் சுதந்திரமாகவும் சமமாகவும் நடக்க வேண்டும் என்ற மாநில அரசமைப்பின் வரியை வைத்தே 2018-இல் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் அந்த வரைபடத்தை ரத்து செய்து, புதிதாக ஒன்றைத் தானே வெளியிட்டது. 2016-இல் 18 இடங்களில் 13-ஐப் பிடித்த குடியரசுக் கட்சிக்கு 2018 நவம்பரில் கிடைத்தது 9.

ஆனால் இங்கேயும் முழு நிம்மதி கிடையாது. வட கரோலினாவில் 2022-இல் வரைபடத்தைத் தடுத்த மாநில உச்ச நீதிமன்றம், நீதிபதிகள் தேர்தலில் பெரும்பான்மை மாறியதும், 2023-இல் தன் தீர்ப்பையே திருப்பிக்கொண்டது. குடியரசுக் கட்சிக்கும் ஜனநாயகக் கட்சிக்கும் 7-7 ஆக இருந்த இடங்கள் அப்புறம் 2024-இல் 10-4 ஆயின.

இருந்தாலும் என்னைக் கேட்டால் மாநில நீதிமன்றம்தான். அங்கே பற்றிக்கொள்ள அரசமைப்பில் ஒரு வரியாவது இருக்கிறது.