அறுவைக்குப் பிந்தைய ஆண்டுகளுக்காக: சேலத்தில் ஒரு தொடர் கவனிப்பு மையம்

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கு மருத்துவமனை தேடும்போது மருத்துவரின் அனுபவத்தையும் கட்டணத்தையும் எத்தனை நாளில் வீடு திரும்பலாம் என்பதையும் துருவித் துருவி விசாரிக்கிறோம். வீடு திரும்பிய பின் வரும் ஆண்டுகளில் நம்மை யார் கவனிப்பார்கள் என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஓர் உணவியல் நிபுணரும் ஒரு பிசியோதெரபிஸ்டும் சேர்ந்து நடத்திவரும் தொடர் கவனிப்பு மையத்துக்கு ஓராண்டுக்கும் மேலாகச் சென்றுவருபவன் என்ற முறையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். மையத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. அங்கு வருபவர்களில் பலர் தமக்கு அறுவை சிகிச்சை நடந்ததையே உறவினர்களிடம் சொல்லாதவர்கள். ஒருவரையொருவர் அறிந்த நம் ஊரில் அந்த மாடிப்படி ஏறுவதைப் பார்த்தாலே விஷயம் பரவிவிடும் என்ற அவர்களுடைய தயக்கத்தை நான் மதிக்கிறேன். இத்தகைய சேவையில் எதை எதிர்பார்க்கலாம், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது தெரிந்தால், படிப்பவர்கள் தங்களுக்கு அருகில் இருப்பதை எடைபோட்டுக்கொள்ளலாம்.

எனக்கு நடந்தது ஸ்லீவ் அறுவை. இதில் இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கு அல்லது அதற்கு மேலும் அகற்றப்பட்டு, எஞ்சிய பகுதி குறுகிய குழாய் வடிவில் தைக்கப்படுகிறது. தொடக்கத்தில் அதன் கொள்ளளவு 100 முதல் 150 மில்லி லிட்டர், அதாவது ஒரு காபி டம்ளர் அளவுதான். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெருமளவில் சுரப்பது அகற்றப்படும் பகுதியில் என்பதால், முதல் சில மாதங்களுக்குப் பசியே தெரிவதில்லை. எடை தானாக இறங்குகிறது, பார்ப்பவர்கள் பாராட்டுகிறார்கள், ஊக்கத்துக்குக் குறைவில்லை. பொதுவாக 12 முதல் 18 மாதங்களில் எடை இறங்குவது நின்றுவிடும். அதற்குள் பசி மெல்லத் திரும்பியிருக்கும், பாராட்டுகள் ஓய்ந்திருக்கும், மருத்துவமனையிலிருந்து வந்துகொண்டிருந்த தொலைபேசி அழைப்புகளும் நின்றிருக்கும். எடை மீண்டும் ஏறத் தொடங்கும் ஆபத்து அதிகம் உள்ள கட்டம் அதுதான். பல இடங்களில் தொடர் கவனிப்பு என்பது அந்தக் கட்டத்துக்கு முன்பே முடிந்துவிடுகிறது. இந்த மையத்தின் தலையாய சிறப்பு, இரண்டு மூன்று ஆண்டுகள் கடந்தவர்களையும் அது விடாமல் வரவழைப்பது.

முதல் சந்திப்பில் டிஸ்சார்ஜ் சம்மரியையும் ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் நிதானமாகப் படித்த உணவியல் நிபுணர், அதன் பிறகு கேட்டவை எல்லாம் வீட்டையும் வேலையையும் பற்றியவை. சமைப்பது யார், காலையில் எத்தனை மணிக்கு வேலை தொடங்குகிறது, வேலையிடத்துக்கு எத்தனை முறை டீ வருகிறது, டீயுடன் என்ன வருகிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துகிறேன். நாள் முழுவதும் உட்கார்ந்தே செய்யும் வேலை அது. மருத்துவமனையில் கொடுத்தனுப்பிய உணவுப் பட்டியலில் ஓட்ஸ், புரோக்கோலி, கிரீக் யோகர்ட் என்று நம் அடுப்படிக்குப் பழக்கமில்லாதவை நிறைந்திருந்தன. இங்கே கையால் எழுதித் தந்த பட்டியலில் பச்சைப்பயறு அடை, கொள்ளுப் பருப்பு, முட்டைப் பொடிமாஸ், மீல்மேக்கர் குழம்பு, பனீர், மீன், தயிர் என்று எங்கள் வீட்டில் ஏற்கெனவே சமைப்பவையும், செவ்வாய்ப்பேட்டைக் கடைகளில் எளிதில் வாங்கக்கூடியவையுமே இருந்தன.

அறுவைக்குப் பின் ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை. பலருக்கு 80 கிராம் வரையிலும் பரிந்துரைக்கிறார்கள். ஓர் இட்லியில் கிடைப்பது ஏறத்தாழ 2 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் பனீரில் 18 கிராம். இரண்டு இட்லியிலேயே வயிறு நிறைந்துவிடும் ஒருவர், இட்லியை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது. போதிய புரதம் இல்லாதபோது கொழுப்போடு சேர்ந்து தசையும் கரைகிறது, சோர்வு கூடுகிறது. வெள்ளியை மில்லி கிராம் வரை நிறுத்து வாங்குவதுபோல் தட்டில் விழும் புரதத்தையும் கணக்கில் வைக்க வேண்டும் என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. முதலில் புரதம், பிறகு காய்கறி, இடமிருந்தால் சோறு என்ற வரிசையை அவர்கள் ஒருபோதும் தளர்த்துவதில்லை. ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. இங்கே இரண்டுமே பட்டியலில் இடம்பெறுகின்றன: கொள்ளு புரதத்துக்காக, எள்ளு சுண்ணாம்புச் சத்துக்காக.

என்ன சாப்பிடுவது என்பதைவிட எப்படிச் சாப்பிடுவது என்பதற்கு அவர்கள் கூடுதல் நேரம் ஒதுக்குகிறார்கள். ஒரு சிறிய தட்டில் உள்ளங்கையில் பாதியளவு அடையை வைத்து, கைப்பேசியில் இருபது நிமிடத்துக்கு மணி வைத்துவிட்டு, எங்கள் முன்னாலேயே உணவியல் நிபுணர் சாப்பிட்டுக் காட்டினார். சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு. அது வாயில் கூழாகும் வரை மென்ற பிறகே அடுத்த துண்டுக்குக் கை போகிறது. இடையில் கை மடியில் இருக்கிறது. தண்ணீர்ச் சொம்பு மேசையிலேயே இல்லை, ஏனெனில் உணவுக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் தண்ணீர். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தே வளர்ந்த நமக்கு இது எளிதன்று. ரசம் சோற்றை ஏன் எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும் என்பதையும் அன்றே விளக்கினார்: குழைந்த சோறு மெல்லாமலே வழுக்கி இறங்கிவிடும், நிறைவு தராது, ஒரு மணி நேரத்தில் மீண்டும் ஏதாவது கேட்கும். முறுக்கு, ஜவ்வரிசி வடாம், பிஸ்கட் ஆகியவையும் வாயில் கரைந்து அவ்வாறே இறங்குபவை. சிறிய இரைப்பையையும் ஏமாற்றி அதிகக் கலோரியை உள்ளே கொண்டுபோகக்கூடியவை.

சேலத்துக்காரர்களிடம் தட்டுவடை செட்டைப் பற்றிப் பேசாமல் எந்த உணவு ஆலோசனையும் முழுமையடையாது. மாலையில் தள்ளுவண்டி ஓரம் நின்று, இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னியும் துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் வைத்துத் தருவதை வாங்கித் தின்னாத மாலை இங்கே பலருக்கு மாலையே அன்று. நான் நேரடியாகவே கேட்டேன். “தட்டுவடையே கூடாதுன்னு சொல்ல மாட்டேண்ணா. மொதல் ஆறு மாசம் கண்டிப்பா வேண்டாம். அப்புறம் எப்பவாவது ஒரு செட்டு வாங்குங்க, வீட்ல மூணு பேரு பங்கு போட்டுச் சாப்பிடுங்க. ஆனா ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பதிலா அதுதான்னு மட்டும் ஆக்கிடாதீங்க” என்றார் உணவியல் நிபுணரான அந்த அம்மா. தடை விதித்து அனுப்பியிருந்தால் அதை மறைத்துத் தின்னும் பழக்கம்தான் வளர்ந்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம். பைபாஸ், அதாவது இரைப்பையைச் சிறிதாக்கிச் சிறுகுடலோடு நேரடியாக இணைக்கும் அறுவை செய்துகொண்டவர்களுக்கு இனிப்பில் கூடுதல் எச்சரிக்கை சொல்லப்படுகிறது. சர்க்கரை வேகமாகச் சிறுகுடலுக்குள் இறங்கினால் படபடப்பு, வியர்வை, தலைசுற்றல், வயிற்றை இழுத்துப் பிடிக்கும் வலி எல்லாம் வரக்கூடும். இதை டம்பிங் என்கிறார்கள். மாம்பழப் பருவத்தில் சேலத்தில் இதைச் சொல்வது எவ்வளவு அவசியம் என்று சொல்லத் தேவையில்லை. மல்கோவாவை ஜூஸாகக் குடிக்கக் கூடாது, உணவுக்குப் பின் ஓரிரு கீற்று மட்டும் மென்று சாப்பிடலாம், அதுவும் உடம்பு ஏற்றுக்கொண்டால் மட்டுமே.

மாதந்தோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கும் கூட்டத்துக்காகவே இந்த மையத்தில் சேரலாம். எடை பல வாரங்கள் அசையாமல் நிற்பதும், மூன்றாம் மாதம் முதல் கொத்துக் கொத்தாக முடி கொட்டுவதும், தோல் தொங்குவதும் தனியாக வீட்டில் இருக்கும்போது பெரும் தோல்வியாகத் தோன்றும். அதே முடி உதிர்வைக் கடந்து வந்தவர், மீண்டும் முளைத்த தலைமுடியோடு எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அந்த அச்சம் பாதியாகிறது. எடை நின்றுபோன மாதங்களில் அவர்கள் தராசை ஒதுக்கிவைத்துவிட்டு இடுப்புச் சுற்றளவையும், கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது என்பதையும் அளக்கிறார்கள். தராசு காட்டாத முன்னேற்றம் அங்கே தெரிகிறது. மனம் விட்டுப்போகாமல் என்னை நிறுத்தியது இந்த அளவைதான்.

கல்யாண வீட்டுப் பந்தி இந்தக் கூட்டங்களில் திரும்பத் திரும்ப வரும் பேச்சு. “என்ன இப்படி எளைச்சுட்டீங்க, சுகரா?” என்ற கேள்வியும், இலையில் வைத்ததை மிச்சம் வைத்தால் மனம் கோணும் உபசரிப்பும் சேர்ந்து பலரை விசேஷங்களுக்கே போகவிடாமல் செய்துவிடுகின்றன. அம்மாபேட்டையிலிருந்து வரும் மூத்த அம்மா ஒருவர் இதற்குக் கண்டுபிடித்த வழியை நானும் என் தங்கை மகனை வைத்துப் பின்பற்றுகிறேன். “நான் தனி எலையே போட்டுக்கறதில்ல தம்பி. பேரனப் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு அவன் எலையிலயே கூட்டும் பொரியலும் எடுத்துக்குவேன். பரிமாறறவங்க எலையத்தான் பாப்பாங்க, யாரு சாப்புடறாங்கன்னு பாக்க மாட்டாங்க” என்றார். மதுவைப் பற்றியும் அங்கே மழுப்பாமல் பேசுகிறார்கள்: அறுவைக்குப் பின் மது மிக விரைவாக ரத்தத்தில் ஏறுகிறது, உணவில் தேடிய ஆறுதலைச் சிலர் மதுவில் தேடத் தொடங்குகிறார்கள், குடும்பத்தினர் இதைக் கவனிக்க வேண்டும். ஆண்கள் நிறைந்த கூட்டத்தில் இதை வெளிப்படையாகச் சொல்வதற்குத் துணிவு வேண்டும்.

பிசியோதெரபிஸ்டின் பங்கு அளவில் சிறியது, பயனில் பெரியது. தசையைக் காக்கும் எளிய பயிற்சிகளோடு, பட்டறையில் மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கும் பழக்கத்தையும் அவரே ஏற்படுத்தினார். அவ்வப்போது குழுவாக ஏற்காட்டுக்கு அழைத்துச் செல்கிறார்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறும்போது குமட்டலும் வாந்தியும் வரலாம் என்பதால் அறுவை முடிந்து சில மாதங்களே ஆனவர்களை அதற்குச் சேர்ப்பதில்லை. இந்தக் கவனம் எனக்குப் பிடித்தது. ஏரியைச் சுற்றி நடந்த பின் சேர்வராயன் கோவிலுக்குப் போனோம். குகைக்குள் இருக்கும் சன்னதிக்குக் குனிந்துதான் போக வேண்டும். ஆண்டுதோறும் குடும்பத்தோடு மலைக்கு வந்தும், குனிய முடியாமல் வெளியிலேயே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பிய ஒருவர் எங்கள் குழுவில் இருந்தார். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரில் ஒரு கையை ஊன்றியபடி முதுகை வளைத்து உள்ளே போய், திருநீறு நெற்றியோடு வெளியே வந்தார். அதன் பிறகு அன்றைய நடையில் அவரே எல்லோருக்கும் முன்னால் நடந்தார்.

மருத்துவ விஷயத்தில் தங்கள் எல்லை எது என்று இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பி12, இரும்பு, வைட்டமின் டி, கால்சியம் ஆகியவற்றுக்கான பரிசோதனை எப்போது என்று முன்கூட்டியே நினைவூட்டுகிறார்கள்; மாத்திரைகள் வாழ்நாள் முழுவதும் தேவை என்பதைச் சலிக்காமல் சொல்கிறார்கள்; இரும்புச் சத்து மாத்திரைக்கும் கால்சியம் மாத்திரைக்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும், இரும்பை டீ காபியோடு சேர்த்து எடுத்தால் உடலில் சரியாகச் சேராது என்று அட்டவணை போட்டுத் தருகிறார்கள். ஆனால் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளின் அளவில் அவர்கள் கை வைப்பதே இல்லை. எடை இறங்கும்போது அந்த அளவுகளைக் குறைக்க வேண்டிவரும் என்று கடிதம் எழுதி நம் மருத்துவரிடமே அனுப்புகிறார்கள். வாந்தி தொடர்ந்தால் கூட்டத்துக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்கிறார்கள், ஏனெனில் அதனால் ஏற்படும் தயமின் (வைட்டமின் பி1) குறைபாடு நரம்புகளைப் பாதிக்கக்கூடும்.

குறைகளும் உண்டு. மையம் இரண்டாம் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் இல்லை. முழங்கால் வலியோடு வருபவர்களுக்கு இதைவிடப் பொருந்தாத இடம் இருக்க முடியாது. கூட்டம் ஞாயிறு காலை மட்டுமே என்பதால் இரும்பாலை போன்ற இடங்களில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள் அடிக்கடி தவறவிடுகிறார்கள். வரவேற்பறையிலேயே புரோட்டீன் பவுடர் விற்பனைக்கு இருக்கிறது. வாங்கும்படி யாரும் வற்புறுத்துவதில்லை என்றாலும், புதிதாக வருபவர் அதை வாங்கியே ஆக வேண்டும் என்று நினைத்துக்கொள்ளக்கூடும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை மனநல ஆலோசகர் இல்லாதது. உடல் மாறிய வேகத்துக்கு மனம் ஈடுகொடுக்காமல் தவிப்பவர்களையும், கணவன் மனைவிக்கிடையே இதனால் வரும் மனக்கசப்புகளையும் கூட்டத்துப் பேச்சு மட்டும் தீர்த்துவிடாது.

மாதக் கட்டணம் ஒரு புரோட்டீன் பவுடர் டப்பாவின் விலையைவிடக் குறைவு. கூட்டத்துக்குக் குடும்பத்தில் ஒருவரைத் தனிக் கட்டணமின்றி அழைத்து வரலாம். அறுவை முடிந்து முதல் மாதத்தில் இருப்பவர்களுக்கு அவர்களுடைய மருத்துவமனைக் கவனிப்பே போதும். ஆறு மாதம் கடந்தவர்களுக்கும், எடை மீண்டும் ஏறத் தொடங்கியவர்களுக்கும் இத்தகைய சேவையை முழு மனதோடு பரிந்துரைக்கிறேன். முதல் சந்திப்புக்கு டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி ரத்தப் பரிசோதனை முடிவு, தற்போது எடுக்கும் மாத்திரைச் சீட்டு மூன்றையும் கொண்டுபோங்கள். வீட்டில் சமைப்பவரையும் உடன் அழைத்துப்போங்கள்.