சிறை மருத்துவமனை: மாமா உள்ளே இருந்த 41 நாள்

இந்தச் சிறை வைத்தியத்துக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டரை. அதில் அந்த அரை, கம்பவுண்டருக்கு.

மாமாவுக்குக் குடியாத்தத்தில் சின்ன வியாபாரம், பதினைந்து வருடச் சர்க்கரை. செக் கேஸில் வாய்தாவுக்குப் போகாமல் விட்டு, வாரண்ட் வந்து, வெளி மாவட்டத்துச் சிறை ஒன்றில் 41 நாள் இருந்தார். எந்தச் சிறை என்று கேட்காதீர்கள், நம்ம வேலூர் தொரப்பாடி ஜெயில் இல்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன அன்றே பரிசோதனை செய்து, நாங்கள் கொடுத்த சீட்டைப் பார்த்து, இன்சுலினை ஃபிரிட்ஜில் வைத்து வேளாவேளைக்குப் போட்டார்கள், பைசா செலவில்லை. அந்த வேளைதான் இடித்தது. ஆறு மணிக்கு லாக்கப், அதனால் ஐந்து மணிக்கே ஊசி, உடனே சாப்பாடு, அப்புறம் விடியும்வரை ஒன்றும் கிடையாது. ராத்திரி இரண்டு மணிக்குச் சர்க்கரை இறங்கி, வேர்த்துக் கொட்டிக் கை நடுங்குமாம். கேன்டீன் பிஸ்கட்டைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார் மனிதர். கம்பவுண்டர் ஒருவர் இதைக் கேட்டு, டாக்டரிடம் சொல்லி அளவைக் குறைக்க வைத்தார்.

கால் விரலில் புண் வந்தது. டாக்டர் மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார், ஆனால் கூட்டிப்போக வழிக்காவல் போலீஸ் வரவேண்டுமே. இன்றைக்கு பந்தோபஸ்து, நாளைக்கு கோர்ட் டியூட்டி என்று ஒன்பது நாள் ஓடிப்போனது. 300 கைதிகளுக்கு ஒரு டாக்டர் வேண்டும் என்கிறது 2016 மாதிரிச் சிறைக் கையேடு. சரி, டாக்டர் இருந்தார், வண்டியில் கூடப் போக ஆள் இல்லை. ரிமாண்ட் நீட்டிப்பையே வீடியோவில் முடிக்கிறார்கள், அதே கேமராவில் புண்ணை ஒரு சர்ஜனுக்குக் காட்ட எவ்வளவு நேரமாகும்?

வெளியே கிடைக்கிற அதே தரத்தில் உள்ளேயும் வைத்தியம் கிடைக்கவேண்டும், கைதி கேட்டால் அவருடைய மருத்துவக் குறிப்பைக் காட்டவேண்டும் என்று கைதிகளை எப்படி நடத்தவேண்டும் என்று ஐ.நா. 2015-இல் ஏற்ற மண்டேலா விதிகளில் இருக்கிறது. மாமா வெளியே வந்தபோது கையில் துண்டுச் சீட்டுகூட இல்லை. கேட்கலாம் என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

நேராக அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். "உள்ள இன்சுலின் எத்தனை யூனிட் போட்டாங்க?" என்றார் டாக்டர். மாமா கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கொஞ்சம் விரித்து, "இவ்ளோ இருக்கும் சார்" என்றார்.