போஸ்ட்மாஸ்டரில் கோடு அறுந்தால் எதை நம்பி அடுத்த மெயில் அனுப்புவது?

திருப்பூரில் ஆன்லைனில் டீ-ஷர்ட் விற்கும் ஒரு கடைக்கு மெயில் அனுப்பும் வேலை என்னுடையது. 40,000 பேர் உள்ள பட்டியல், அதில் 34,000 போல ஜிமெயில். ஜிமெயிலில் நம் மெயிலை நூற்றுக்கு எத்தனை பேர் ஸ்பேம் என்று புகார் செய்கிறார்கள் என்பதை கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் நாள்வாரியாக ஒரு கோடாகக் காட்டும். போன தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் முதலாளி போன் போட்டார். "ஏனுங்க தம்பி, அந்த ஜிமெயில் கோடு நாலு நாளாக் காணமுங்களே. மெயில் போகுதுங்களா, இல்லீங்களா?"

"போகுதுங்கண்ணா, அவங்க பக்கம் ஏதோ தாமதம்" என்றேன். அதைச் சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. நான் பார்த்துக்கொண்டிருந்த எக்ஸெல் தாளில் அந்த நாலு நாளுக்கும் புகார் விகிதம் 0.06% என்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எண்ணைக் கீழே இழுத்து நிரப்பியதே நான்தான். அன்று மதியம் மொத்தப் பட்டியலுக்கும் இன்னொரு மெயில் போட்டோம். அதற்கடுத்த ஞாயிறு கூகுளிலிருந்து விடுபட்ட எண்கள் வந்தன. புதன் 0.24%, வெள்ளி 0.41%. கூகுள் சொல்லும் கணக்கில் 0.10%-க்குக் கீழே இருக்க வேண்டும், 0.30%-ஐத் தொடவே கூடாது.

தரவு வராத நாளில் நம்பிப் பார்க்க என்னென்ன இருக்கிறது என்று அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். எனக்கு எது உதவியது, எது உதவவில்லை என்பதுதான் இனி வருவது.

முதலில் அறுந்தது யார் பக்கம் என்று தெரிய வேண்டும்

கூகுள் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸில் வெற்றிடம் வர மூன்று காரணங்கள் உண்டு. அன்று அனுப்பியது குறைவாக இருந்தால் கூகுள் எதுவும் காட்டாது. கூகுள் பக்கமே தரவு தாமதமாகலாம், ஓரிரு நாள் தாமதம் என்பது சாதாரணம். மூன்றாவது நம் பக்கத்துத் தவறு. டொமைன் நம்முடையதுதான் என்று கூகுளுக்குக் காட்டப் போட்ட டிஎன்எஸ் பதிவை (டொமைனின் பொதுப் பதிவேட்டில் போடும் ஒரு வரி) யாரோ அழித்திருப்பார்கள், அல்லது அனுப்பும் சேவையை மாற்றும்போது டிகிம் கையொப்பம் (மெயில் எந்த டொமைனுடையது என்று சான்று சொல்லும் டிஜிட்டல் முத்திரை) நம் டொமைனில் இல்லாமல் அவர்கள் டொமைனில் விழ ஆரம்பித்திருக்கும்.

இந்த மூன்றையும் பிரித்துச் சொல்ல டிமார்க் அறிக்கையை விட நல்ல ஆள் இல்லை. நம் டொமைன் பெயரில் வந்த மெயில் உண்மையிலேயே நம்முடையதா என்று மெயிலை வாங்குகிறவர்கள் சோதித்து நமக்கு அனுப்பும் அறிக்கை அது. கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் எல்லாம் பெரும்பாலும் தினம் ஒரு முறை சுருக்கிய எக்ஸ்எம்எல் கோப்பாக அனுப்புவார்கள். இன்ன ஐபியிலிருந்து இத்தனை மெயில் வந்தது, எஸ்பிஎஃப் (அந்த ஐபிக்கு நம் பெயரில் அனுப்ப அனுமதி உண்டா என்ற சோதனை) என்ன ஆனது, டிகிம் எந்த டொமைனில் விழுந்தது என்று அதில் இருக்கும். அந்தப் புதன்கிழமைக் கோப்பை மறுநாளே திறந்திருந்தால், கூகுள் நம் மெயிலை வாங்கியிருக்கிறது, கையொப்பமும் நம் டொமைனில் சரியாக இருக்கிறது, டிஎன்எஸ் பதிவும் அழியாமல் இருந்தால் கோடு அறுந்தது அவர்கள் பக்கம் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

அதற்கு மேல் அதனிடம் கேட்கக் கூடாது. மெயில் இன்பாக்ஸில் விழுந்ததா, ஸ்பேமில் விழுந்ததா என்று டிமார்க் சொல்லவே சொல்லாது. டிமார்க் பச்சையாக இருக்கிறது, அதனால் மெயிலும் ஒழுங்காகப் போகிறது என்று வாதாடுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

காத்திருப்பதும் நிரப்புவதும்

சும்மா காத்திருப்பது மோசமான வழி இல்லை. ஆடி மாதம் மாதிரி மந்தமான வாரத்தில் நான் அதைத்தான் செய்கிறேன். விடுபட்ட நாள் சில சமயம் பின்னால் வந்து சேரும், சில சமயம் வராமலே போகும். அடுத்த பெரிய மெயில் ஒரு வாரம் கழித்துத்தான் என்றால் இதில் நஷ்டம் ஒன்றுமில்லை. பண்டிகைக்கு முன்னால் இந்த வழி உதவாது.

நிரப்புவதில் மூன்று வகை. பூஜ்யம் போடுவது, முந்தைய எண்ணையே இழுப்பது, இரண்டு பக்க எண்ணுக்கும் நடுவே நேர்கோடு போடுவது.

பூஜ்யம் போடுவதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. ஆனாலும் ஸ்கிரிப்டில் இது தானாக நடந்துவிடும், பாருங்கள். வெற்றுக் கட்டத்தை 0 என்று எழுதி, மாத சராசரியை அழகாகக் குறைத்துக் காட்டும். தோட்டத்தில் மழைமானியைப் பார்க்க மறந்த நாளில் மழையே இல்லை என்று எழுதி வைப்பதும் இதுவும் ஒன்றுதான்.

முந்தைய எண்ணை இழுப்பதில்தான் ஏமாந்துபோகிறோம், ஏனென்றால் அது பழக்கமான வழி. வீடு பூட்டியிருந்தால் ஈபிக்காரர் பழைய கணக்கை வைத்து பில் போட்டுவிடுவார், அடுத்த ரீடிங்கில் சரிக்கட்டிக்கொள்ளலாம். கரண்டு பில்லில் அது செல்லும். போன மெயிலைத் திரும்ப வாங்க முடியாதே. அதோடு, ஞாயிற்றுக்கிழமை எண் புதன்கிழமையைப் பற்றி எதையும் சொல்லாது. ஞாயிறு போனது சமீபத்தில் வாங்கியவர்களுக்கு மட்டும். புதன் போனது இரண்டு வருடமாக எட்டிப் பார்க்காதவர்களையும் சேர்த்து.

நேர்கோடு போட அந்தப் பக்கத்து எண் வேண்டும். அது வந்த பிறகு முடிவெடுக்க என்ன மிச்சம் இருக்கிறது? மாதக் கடைசியில் முதலாளிக்குக் காட்டும் வரைபடத்தில் புள்ளிக்கோடாகப் போட்டால் தவறில்லை. அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

குறைவாக அனுப்புவதால் வரும் வெற்றிடத்துக்கு மட்டும் வேறு வழி இருக்கிறது. ஒவ்வொரு நாளாகப் பார்க்காமல் வாரமாகச் சேர்த்துப் பார்ப்பது. இதிலும் சாதா சராசரி போட்டால் கெட்டது. ஒரு உதாரணம்: திங்கள் 10,000 மெயில், விகிதம் 0.05%, அதாவது 5 புகார். வியாழன் கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் போனவர்களுக்கு 600 நினைவூட்டல், விகிதம் 0.5%, அதாவது 3 புகார். நடுவில் எல்லாம் வெற்றிடம். இரண்டு விகிதத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 0.275% வரும், நெஞ்சு அடைக்கும். புகாரைக் கூட்டி மெயிலால் வகுத்தால் 10,600-க்கு 8, அதாவது 0.075%. கூகுள் வகுப்பது நாம் அனுப்பிய மொத்தத்தால் அல்ல, இன்பாக்ஸில் விழுந்த மெயிலால். அதனால் இது தோராயம்தான். இதே காரணத்தால் இன்னொரு விபரீதமும் உண்டு. மெயில் எல்லாம் நேரே ஸ்பேமுக்குப் போனால் புகார் சொல்ல ஆளே இருக்காது, விகிதம் குறைந்து அழகாகத் தெரியும். கோடு அறுந்து திரும்ப வரும்போது சுத்தமாக இருந்தால் நான் சந்தோஷப்படுவதில்லை, கிளிக்கைத்தான் பார்க்கிறேன்.

நம் வீட்டு லாக்

இதைத்தான் நான் முதலில் பார்த்திருக்க வேண்டும். அனுப்பும் சர்வரின் லாக்கில், அதாவது பதிவேட்டில், ஒவ்வொரு மெயிலுக்கும் எதிர்ப்பக்கம் சொன்ன பதில் எழுதியிருக்கும். 250 என்றால் வாங்கிக்கொண்டது. 5-இல் ஆரம்பித்தால் மறுத்துவிட்டது. 4-இல் ஆரம்பித்தால் இப்போது வேண்டாம், அப்புறம் வா என்று சொல்கிறது. அந்தப் புதன்கிழமை லாக்கைப் பின்னால் எடுத்துப் பார்த்தபோது காலை பதினொரு மணியிலிருந்து வரிசையாக 421 4.7.28. உங்களிடமிருந்து வேண்டாத மெயில் வழக்கத்துக்கு மாறாக வருகிறது, எங்கள் பயனர்களைக் காக்க வேகத்தைக் குறைக்கிறோம் என்று ஜிமெயில் சொல்லும் வரி அது. வழக்கமாக நாற்பது நிமிடத்தில் காலியாகும் வரிசை அன்று மாலை நாலு மணி வரை நின்றிருக்கிறது. எண் வர வேண்டிய இடத்தில் வரவில்லை என்று நாங்கள் போஸ்ட்மாஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஜிமெயில் எங்களிடம் நேரிலேயே சொல்லிக்கொண்டிருந்தது.

லாக்குக்குக் குறைந்தபட்ச எண்ணிக்கை என்று ஒன்று கிடையாது, தாமதமும் கிடையாது, காசும் கிடையாது. சேவை வழியாக அனுப்புகிறவர்களும் இந்தப் பதில்களைக் கேட்டு வாங்கலாம். ஜிமெயில், யாஹூ, அவுட்லுக் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு எத்தனை 4, எத்தனை 5, வரிசை காலியாக எத்தனை நேரம் என்று மூன்றே எண் எடுத்தால் போதும். இதன் குறை ஒன்றே ஒன்று. 250 வாங்கிய மெயில் எந்தப் பெட்டிக்குப் போனது என்று தெரியாது.

அந்தக் குறைக்குக் கிளிக் துணை. எத்தனை பேர் மெயிலைத் திறந்தார்கள் என்ற கணக்கை விட்டுவிடுங்கள். மெயிலில் உள்ள படம் இறங்கியதை வைத்துத்தான் அதை எண்ணுகிறார்கள். ஜிமெயில் 2013 முதலே படங்களைத் தன் சர்வர் வழியாகத்தான் காட்டுகிறது. ஆப்பிள் 2021-இல் ஐஓஎஸ் 15-இலிருந்து, அந்த வசதியை வைத்திருப்பவர்களுக்கு மெயிலைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது.

கிளிக்கைத் தனியாகப் பார்த்தால் புரியாது. ஒரே மெயிலுக்கு ஜிமெயிலையும் மற்றவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் பட்டியலில் வழக்கமாக ஜிமெயிலில் நூற்றுக்கு 2, யாஹூவும் அவுட்லுக்கும் சேர்த்து நூற்றுக்கு 1.5. இரண்டும் சேர்ந்து இறங்கினால் சரக்கோ விலையோ எடுபடவில்லை. அந்த வெள்ளிக்கிழமை ஜிமெயில் 0.9, மற்றவை 1.4. மற்ற இடத்தில் அதே மெயில் அதே மாதிரி ஓடியிருக்கிறது, ஜிமெயிலில் மட்டும் பாதிக்கு மேல் காணோம். ஸ்பேம் பெட்டி என்று சொல்ல இதைவிட நேரான சாட்சி எனக்குக் கிடைத்ததில்லை.

யாஹூவைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே பழைய ஆட்கள் பலரிடம் இன்னும் யாஹூ முகவரிதான். யாரேனும் ஸ்பேம் என்று அமுக்கினால், பதிவு செய்திருந்தால், அந்தப் புகாரை யாஹூ ஒவ்வொன்றாக நமக்கு அனுப்பிவிடும். ஜிமெயில் அப்படி அனுப்பாது. எண்ணிக்கை சிறிதுதான், ஆனாலும் ஜிமெயில் இருட்டாக இருக்கும் நாளில் எரியும் ஒரு சின்ன விளக்கு.

மற்றவை

மைக்ரோசாஃப்டின் எஸ்என்டிஎஸ் (அனுப்புகிறவர்களுக்கு அவர்கள் காட்டும் தரவு) அவுட்லுக், ஹாட்மெயிலுக்கு மட்டும், அதுவும் ஐபி வாரியாக. ஒரு நாளில் நூறு மெயிலுக்கு மேல் போனால்தான் காட்டும். நிறமும் முரட்டுக் கணக்கு. அவர்கள் வடிகட்டி ஸ்பேம் என்று முடிவு செய்தது 10%-க்குக் கீழே இருந்தால் பச்சை, 90%-க்கு மேலே சிவப்பு, நடுவில் உள்ளதெல்லாம் மஞ்சள். சொந்த ஐபி இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். பலரோடு பங்கு போடும் ஐபி என்றால் உங்கள் கைக்கு வராது.

சோதனை முகவரிகள் வைத்து இன்பாக்ஸ் பார்க்கும் காசு கட்டும் சேவைகளை எங்கள் அளவுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அந்த முகவரிகளில் மனிதர் இல்லை. ஜிமெயிலோ ஆளுக்கு ஆள் பழக்கத்தைப் பார்த்துப் பெட்டி மாற்றுகிறது. இதைவிட மோசமானது ஆபீஸ் ஆட்களின் ஆறு ஜிமெயிலுக்கு அனுப்பிப் பார்ப்பது. எங்களுக்கு அந்த மெயில் எந்தக் காலத்திலும் இன்பாக்ஸில்தான் விழும். தினம் திறந்து பார்த்து, ஜிமெயிலுக்கு நாங்களே பழக்கிவிட்டோம்.

இதெல்லாம் சில்லறை வியாபாரத்துக்கு. பையர்களுக்கு எழுதும் ஏற்றுமதி கம்பெனிக்கும், டீலர்களுக்கு விலைப்பட்டியல் அனுப்பும் கோயம்புத்தூர் பம்ப் கம்பெனிக்கும் நிலைமையே வேறு. போஸ்ட்மாஸ்டர் எண்ணுவது தனியார் ஜிமெயில் முகவரிகளை மட்டும். கம்பெனி டொமைனில் இருக்கும் பையருக்கு அது என்றைக்கும் வெற்றிடம்தான். கிளிக்கும் அங்கே கைவிடும், ஏனென்றால் பல கம்பெனிகளில் பாதுகாப்பு மென்பொருளே எல்லா இணைப்பையும் ஒரு தட்டு தட்டிப் பார்க்கிறது. மெயில் போன சில நொடிகளில் எல்லா இணைப்பிலும் கிளிக் விழுந்திருந்தால் அது ஆள் இல்லை. அவர்களுக்கு லாக்கும், வரும் பதில் மெயிலின் எண்ணிக்கையும்தான். எனக்குத் தெரிந்த ஒரு மெர்ச்சண்டைசர் அம்மணி, சாம்பிள் அனுப்பிய மெயிலுக்கு இரண்டு நாளில் பதில் இல்லை என்றால் பையர் ஆபீஸுக்கே போன் போட்டு ஜங்க் பெட்டியைப் பார்க்கச் சொல்கிறார்.

எங்கள் தாளில் இப்போது வெற்றுக் கட்டம் வெற்றாகவே இருக்கிறது. பக்கத்தில் ஒரு பத்தி சேர்த்திருக்கிறோம், அறுந்தது அவர்கள் பக்கமா, நம் பக்கமா, அனுப்பியதே குறைவா என்று எழுத. இரண்டு நாளுக்கு மேல் அவர்கள் பக்கம் அறுந்திருந்து, அதே நேரம் லாக்கில் 421 வழக்கத்தைவிட இரண்டு மடங்கு ஏறினால், அடுத்த மெயில் கடைசி அறுபது நாளில் கிளிக் செய்தவர்களுக்கு மட்டும் போகும். முதலாளிக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. 40,000 பேர் இருக்கையில் ஏனுங்க ஆறாயிரம் பேருக்குப் போடறீங்க என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் பொங்கலுக்கு ஒரு தடவை அப்படிப் போட்டபோது தடுக்கவில்லை.