இரண்டு மணிக் கச்சேரியில் 14 வருடம்

போன், ஃபிரிட்ஜ், பைக் எல்லாவற்றுக்கும் ‘அஞ்சு வருஷம் ஓட்டிய அனுபவம்’ என்று எழுதுகிறார்கள். நான் கர்நாடக சங்கீதத்துக்கு எழுதுகிறேன். 2011 டிசம்பரிலிருந்து கேட்டுவருகிறேன். பாடத் தெரியாது, யாரிடமும் கற்றுக்கொண்டதும் இல்லை. சினிமாப் பாட்டையும் கானாவையும் தலைமுழுகிவிட்டு வந்தவனும் இல்லை. மூன்றும் இன்றைக்கும் ஒரே போனில்தான் கிடக்கின்றன.

மெடிக்கல் ரெப் வேலை. வீடு வியாசர்பாடி, எனக்குக் கொடுத்த ஏரியா மயிலாப்பூர், மந்தைவெளி. மதியம் ஒரு மணிக்கு டாக்டர்கள் கிளினிக்கைப் பூட்டினால் மறுபடி ஐந்தரைக்குத்தான் திறப்பார்கள். நடுவில் நாலரை மணி நேரத்தைப் பையும் டையுமாக எங்கே கழிப்பது? டீக்கடை, தெப்பக்குளத்துப் படி, நாகேஸ்வர ராவ் பூங்கா பெஞ்ச், இவ்வளவுதான். டிசம்பரில், சங்கீத சீசன் நடக்கும்போது மட்டும், இன்னொரு இடம் சேரும். பல சபாக்களில் மதியக் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது. ஏசி உண்டு, மெத்தென்ற நாற்காலி உண்டு. அதற்காகத்தான் போனேன்.

முதல் நாள் நன்றாகத் தூங்கினேன். மேடையில் நாலு பேர், கீழே என்னையும் சேர்த்து பதினோரு பேர். கண் விழித்தபோது பக்கத்து சீட்டுப் பெரியவர், “தூக்கம் நன்னா வந்துதா சார்? நீலாம்பரிக்குத் தூங்கினா தப்பில்லை” என்றார். கிண்டல் என்று நினைத்து அசட்டுச் சிரிப்பு சிரித்துவைத்தேன். நீலாம்பரி தாலாட்டுக்கான ராகம் என்பது எனக்குத் தெரிய இரண்டு வருடம் ஆனது.

அந்த வாரமே இன்னொரு மதியம். ஒரு பெண் ஆலாபனை பாடிக்கொண்டிருந்தாள். சொல் எதுவும் இல்லை, வெறும் ‘தரன’தான். ஆனால் இது எனக்குத் தெரிந்த பாட்டு! எந்தப் பாட்டு? நெஞ்சுக்குழியில் நிற்கிறது, வாய்க்கு வரவில்லை. பெரியவரைக் கேட்டேன். “ரீதிகௌளை” என்றார். எனக்கு அது ‘கண்கள் இரண்டால்’. 2008-ல் ‘சுப்ரமணியபுரம்’ வந்த புதிதில் எந்த ஷேர் ஆட்டோவில் ஏறினாலும் அதுதான். 1977-ல் ‘கவிக்குயில்’ படத்துக்காக பாலமுரளிகிருஷ்ணா பாடிய ‘சின்னக் கண்ணன் அழைக்கிறான்’, 1999-ல் ‘முதல்வன்’ படத்தில் வந்த ‘அழகான ராட்சசியே’ இரண்டும் அதே ராகம்தான் என்று பிற்பாடு தெரிந்தது. இளையராஜா, ரஹ்மான், ஜேம்ஸ் வசந்தன் என்று மூன்று இசையமைப்பாளர்கள், மூன்று காலம். மூன்று பாட்டும் எனக்கு மனப்பாடம். அவை ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

ரீதிகௌளை நேராக நடக்கிற ராகம் இல்லை. ஏறும்போதே ஸ, க, ரி, க, ம என்று ஒரு வீடு தாண்டிப் போய், ஒரு வீடு திரும்பி வந்து, மறுபடி போகும். அப்புறம் நி, த, ம, நி, நி, ஸ. எங்கள் தெருவுக்குள் பைக் ஓட்டுவது போலத்தான்: குழாயடியைச் சுற்றி, திண்ணையில் இடிக்காமல், ஒரு வளைவுக்குப் பின்வாங்கி. சினிமாப் பாட்டில் அந்த வளைவு நாலு தடவை வரும், நாம் ரசிப்பதற்குள் பாட்டு முடிந்துவிடும். அன்றைக்கு அந்தப் பெண் அதே வளைவுக்குப் பத்து நிமிடம் விதவிதமாக வந்துபோனாள். அதற்கப்புறம் அதே ராகத்தில் சுப்பராய சாஸ்திரியின் ‘ஜனனீ நின்னுவினா’. நான் அன்று தூங்கவில்லை.

ராகத்தை அடையாளம் பிடிப்பதுதான் ரசனை என்று ஒரு மயக்கம் எனக்கும் முதல் இரண்டு சீசன் இருந்தது. சின்ன டைரி, அதில் ராகப் பெயர், பக்கத்தில் சினிமாப் பாட்டு. அதொரு கட்டம், வந்து போய்விடும். என்னை உண்மையில் உள்ளே இழுத்தது தனி ஆவர்த்தனம், பாட்டு நின்று தாள வாத்தியம் மட்டும் வாசிக்கிற இடம். தனி தொடங்கியதும் பாதி அரங்கம் கேண்டீனுக்குக் கிளம்பும். நான் உட்கார்ந்திருப்பேன். வியாசர்பாடிக்காரனின் காதுக்கு முதலில் மேளம், மற்றதெல்லாம் அப்புறம்.

ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடுவிரல். பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. மருந்து சாம்பிள் பை மடியில் இருக்கும், அதன் மேலேயே போடுவேன். முதல் சீசன் முழுக்க, மிருதங்கம் வேகம் எடுத்ததும் என் விரல் எங்கேயோ போய்விடும். கடைசியில் கோர்வை என்று கணக்குப் போட்டுக் கோத்த அடிகளை மூன்று முறை வாசித்து, பாட்டு தொடங்கும் அந்த எடுப்பில் கொண்டுவந்து இறக்குவார்கள். பெரியவரின் கை அங்கே சரியாக விழும். என் கை ஒன்றரை எண்ணிக்கை தள்ளி விழும். மூன்றாவது சீசனில் ஒரு மதியம், பையின் மேல் என் கை விழுந்ததும் மிருதங்கத்தில் கடைசி அடி விழுந்ததும் பாடகர் வரியை எடுத்ததும் ஒன்றாக நடந்தன. பைக்குள் ஒரு சிரப் பாட்டில் உடைந்தது. உண்மையாகவே உடைந்தது, இருமல் மருந்து.

இப்போதைய பாட்டுகளிலும் அந்த மாதிரி இடம் உண்டு. எல்லாச் சத்தத்தையும் ஒரு நொடி நிறுத்தி, திடீரென்று பீட்டைப் போடுவார்கள், கூட்டம் குதிக்கும். எனக்கும் பிடிக்கும். ஆனால் அது எப்போது வரும் என்பது இரண்டாவது தடவை கேட்கும்போதே தெரிந்துபோகிறது. கோர்வையில் நானும் எண்ணியாக வேண்டும். எண்ணாவிட்டால் அது எனக்கு வெறும் சத்தம்.

என் மகள் பத்தாவது படிக்கிறாள். கொரியன் பாப் பித்து. ஒருநாள் நான் கேட்டுக்கொண்டிருந்த கீர்த்தனையைக் காதில் வாங்கிவிட்டு, “ஏம்ப்பா, ஒரே வரியை எத்தனை தடவை பாடுவாங்க?” என்றாள். “உன் பாட்டுல அந்த ஹூக்கு எத்தனை தடவை வருது, எண்ணிப் பாரு” என்றேன். எண்ணினாள். எட்டு. கீர்த்தனையில் அந்தப் பல்லவி ஆறு. அவள் ஜெயித்ததாக முடிவாயிற்று, அல்லது தோற்றதாக. ஆனால் ஒரு வித்தியாசத்தை அவளே சொன்னாள்: “என்னுது எட்டும் ஒண்ணுதான். உங்களுது ஒவ்வொண்ணும் கொஞ்சம் மாறுதுல்ல?” அதற்குப் பெயர் சங்கதி என்றேன். சரி என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். எட்டும் ஒன்றாக இருப்பதுதான் அவளுக்கு வேண்டியது. பள்ளி வேனில் பத்துப் பேர் சேர்ந்து கத்திப் பாட வேண்டுமானால் வரி மாறக்கூடாதே.

கானாவைச் சொல்லாமல் இந்த ஒப்பீடு எனக்கு முடியாது. எங்கள் பக்கம் சாவு விழுந்தால் ராத்திரி கானா உண்டு. பாட வருகிறவர் முதலில் கேட்பது செத்தவர் பெயர், பிள்ளைகள் பெயர், என்ன தொழில் என்பதைத்தான். அரை மணி நேரத்தில் அதெல்லாம் பாட்டுக்குள் வந்துவிடும். பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் இறந்த அன்று, அவர் வண்டி ஹாரன் சத்தத்தையே ஒரு பாடகர் வரிக்கு நடுவில் கொண்டுவந்தார். மூலையில் சாய்ந்து கிடந்த அவர் மனைவி நிமிர்ந்து வாசலைப் பார்த்தார். அந்த வரியை யாரும் பதிவு செய்யவில்லை, இனி யாரும் பாடப்போவதும் இல்லை.

நிரவல் கேட்கும்போதெல்லாம் அந்த ராத்திரி நினைவுக்கு வரும். ஒரே வரி, சொற்கள் தாளத்தில் உட்காரும் இடமும் அதேதான், மெட்டு மட்டும் அந்த நிமிடத்தில் பிறக்கிறது. கிளாசிக்கலா பாப்புலரா என்ற பிரிவினையில் எனக்கு நம்பிக்கை போனது அதனால்தான். என் கணக்கில் இசை இரண்டே வகை: செய்து முடித்துக் கையில் தருவது ஒன்று, நம் கண் முன்னால் செய்வது இன்னொன்று. மதியக் கச்சேரியும் சாவு வீட்டுக் கானாவும் ஒரு பக்கம். ஸ்டூடியோவில் பிசிறு நீக்கி வருகிற எல்லாமே, அது கீர்த்தனை ஆல்பமாக இருந்தாலும், மறுபக்கம். 2020 டிசம்பரில் ‘மார்கழியில் மக்களிசை’ தொடங்கியபோது, சீசன் மாதத்தில் கானாவும் பறையும் மேடை ஏறுவதைப் பலர் புதுமையாகப் பேசினார்கள். எனக்கு என் போனை யாரோ திறந்து பார்த்ததுபோல இருந்தது.

இனி குறைகள். முதல் குறை சவுண்ட். மாலையில் 300 ரூபாய் கொடுத்து உட்கார்ந்த ஒரு அரங்கில் மிருதங்க மைக்கை இவ்வளவு ஏற்றியிருந்தார்கள், வயலின்காரர் வில்லை அசைப்பது மட்டும் தெரிந்தது. இது ஒரு நாள், ஓர் இடத்துக் கதை இல்லை. நூறு பேர் உட்காரும் ஹாலுக்கு இத்தனை ஸ்பீக்கர் எதற்கு? நாகேஸ்வர ராவ் பூங்காவில் குழந்தைகள் மைக்கே இல்லாமல் பாடிக் கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு ஸ்வரமும் தெளிவாக விழுந்தது.

இரண்டாவது, மொழி. தியாகராஜரின் பாட்டுகள் பெரும்பாலும் தெலுங்கு. பாவம் புரியும், பேச்சு புரியாது. அதனால் எனக்குப் பாரிமுனை ராஜா அண்ணாமலை மன்றம் மேல் தனிப் பிரியம். தமிழிசைச் சங்கம் 1943-ல் இந்தக் குறைக்காகவே தொடங்கப்பட்டது. என் வீட்டுக்கும் கிட்ட. அருணாசலக் கவிராயரின் ‘யாரோ இவர் யாரோ’வை பைரவி ராகத்தில் அங்கே கேட்டபோது, மிதிலையில் அந்த ராமன் அண்ணாந்து பார்க்கிற தோரணை முதல் சங்கதியிலேயே எனக்குக் கிடைத்தது. யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது குறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு சபா வாசலில் ஒருவர், “எந்தப் பக்கம் வீடு?” என்றார். சொன்னேன். “வியாசர்பாடியா? அங்க இதெல்லாம் கேக்கறாளா?” என்றார். கேட்கிறோம் சார் என்றேன். அந்த சபாவுக்கு மூன்று வருடம் போகவில்லை. அப்புறம் ஒரு நல்ல வயலின்காரருக்காகப் போனேன்.

பஸ்ஸில் கேட்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சினிமாப் பாட்டு 29சி பஸ்ஸின் என்ஜின் சத்தத்தையும் மீறிக் கேட்கும், ஏனென்றால் மெல்லிய இடம், பலத்த இடம் எல்லாவற்றையும் இழுத்து ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்துதான் கொடுக்கிறார்கள். கச்சேரிப் பதிவு அப்படி இருக்காது. ஆலாபனையின் கீழ்ஸ்தாயி முழுக்க ஸ்டெர்லிங் ரோடு சிக்னலில் காணாமல் போகும். வால்யூமை ஏற்றினால் மேல்ஸ்தாயி காதைக் கிழிக்கும். பேஸ் தூக்கலான இயர்போனில் தம்புராவே கேட்காது, மிருதங்கத்தின் கனத்த பக்கமான தொப்பி மட்டும் குமுறும். இன்னொன்று: பாட்டு செயலிகள், வரிசையாக ஒரே உருப்படியாகப் பாடுகிற ராகம், தானம், பல்லவி மூன்றையும் தனித்தனிப் பாட்டாக நறுக்கி வைத்திருக்கும். ஷஃபிளில் போட்டால் பல்லவி முடிந்தபின் ராகம் வரும், கல்யாணம் முடிந்தபின் பெண் பார்க்க வந்ததுபோல. நான் இப்போது ஆகாசவாணியின் ‘ராகம்’ அலைவரிசையைப் போட்டுவிடுகிறேன். 2016 ஜனவரி 26-ல் தொடங்கியது, 24 மணி நேரமும் சாஸ்திரிய இசை. என்ன வரும் என்பது நம் கையில் இல்லை என்பதே நிம்மதியாக இருக்கிறது.

இத்தனை வருடத்தில் என்ன மாறியது என்று கேட்டால், சினிமாப் பாட்டு கேட்கும் விதம்தான் மாறியது. குரலை இயந்திரத்தால் சுருதி திருத்துவதை இப்போது காது உடனே பிடித்துவிடுகிறது. அந்தக் கருவி குரலைப் பக்கத்து ஸ்வரத்தில் கொண்டுபோய் ஒட்டவைக்கும். கமகம் என்பதோ இரண்டு ஸ்வரத்துக்கு நடுவில் ஆடுவது. தோடி ராகத்தின் காந்தாரத்தை, அதாவது ‘க’ ஸ்வரத்தை, ஆணி அடித்து நிறுத்தினால் அது தோடியே இல்லை. இந்தச் சண்டை பழசு: ஆர்மோனியக் கட்டையில் கமகம் வராது என்பதையும் ஒரு காரணமாகச் சொல்லி 1940 முதல் 1971 வரை வானொலியில் ஆர்மோனியத்தைத் தள்ளிவைத்திருந்தார்கள். அது அளவுக்கு மீறிய கோபம் என்பேன். ஆனால் எங்கே வலித்தது என்று இப்போது புரிகிறது. முன்பு உருகிக் கேட்ட சில பாட்டுகள் எனக்குச் சாயம் போய்விட்டன. சில பாட்டுகளில் இருபது வருடமாகக் கவனிக்காத புல்லாங்குழல் ஒன்று இடையிசையில் எழுந்து வந்திருக்கிறது.

புதிதாகப் போகிறவர்கள் இரண்டு மணிக் கச்சேரியிலிருந்து தொடங்குங்கள். மேடைக்கு நேரே உட்காராமல், மிருதங்கக்காரர் பக்கம் நாலாவது வரிசையில் ஓர நாற்காலி. தூக்கம் வந்தால் தூங்குங்கள். கேண்டீனில் கீரை வடை, வேறெதுவும் அந்த விலைக்குத் தகாது.

அந்தப் பெரியவரை 2019-க்குப் பிறகு பார்க்கவில்லை. பெயர் கேட்டதே இல்லை.

மாலைக் கச்சேரிக்கு இருந்தால் எனக்கு ஒரே சிக்கல் பஸ். ஒன்பதேகாலுக்கு மேல் லஸ் கார்னரில் நின்றால் எது வரும், எது வராது என்று சொல்ல முடியாது. அதனால் கடைசியில் பாடும் சின்னப் பாட்டுகளான துக்கடாவிலேயே பையை எடுத்துவிடுவேன். 14 சீசனில் கச்சேரியை முடிக்கும் மங்களம் முழுதாகக் கேட்டது நாலு தடவை இருக்கும். மற்ற நாளெல்லாம் ஸௌராஷ்டிர ராகத்து மங்களத்தின் முதல் வரி என் முதுகுப் பக்கம் கேட்க, செருப்பைத் தேடிக்கொண்டிருப்பேன்.