போலி பேட்டரி, மாற்று பேட்டரி: இரண்டையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள்

ஃபோன் பேட்டரி தேய்ந்துபோனதும் மலிவாக ஒன்று தேடுகிறோம். அப்போது கண்ணில் படுபவை இரண்டு வகை. வேறொரு நிறுவனம் தன் சொந்தப் பெயரில் தயாரிக்கும் மாற்று பேட்டரி ஒன்று. ஃபோன் கம்பெனியின் பெயரையும் லோகோவையும் திருடி ஒட்டிய போலி இன்னொன்று. முதலாவதைப் பார்த்து வாங்கலாம். இரண்டாவது இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன்? லித்தியம் அயான் செல்லுக்குள் இரு முனைத் தகடுகளையும் பிரித்து வைப்பது தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம்தான். அது கிழிந்தால் ஷார்ட் ஆகி, சூடு தானாக ஏறிக்கொண்டே போய்த் தீப்பிடிக்கலாம். அளவுக்கு மீறி சார்ஜ் ஏறாமல் துண்டிக்கும் சின்ன சர்க்யூட் ஒன்றும் பேட்டரியில் இருக்க வேண்டும். போலி தயாரிப்பவர் காசு மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் இந்த இரண்டில்தான்.

வோல்டேஜ் விஷயம் இன்னும் மோசம். பழைய வகை செல்லை 4.2 வோல்ட் வரைதான் ஏற்றலாம். பல புதிய ஃபோன்கள் 4.4 வோல்ட் வரை ஏற்றுகின்றன. போலியின் லேபிள் ஒரிஜினலின் அச்சுநகல், ஆனால் உள்ளே இருப்பது பழைய 4.2 வோல்ட் செல்லாக இருக்கலாம். ஃபோனுக்கு அது தெரியாது, தன் அளவுக்கு ஏற்றிவிடும். நாளடைவில் பேட்டரி உப்பி டிஸ்ப்ளேயைத் தூக்கலாம். அப்படித் தூக்கினால் சார்ஜ் போடுவதை உடனே நிறுத்துங்கள். அழுத்தவோ குத்தவோ கூடாது.

சரி, ஒரிஜினலில் கோளாறே வராதா? வரும். 2007இல், ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் தனக்குத் தயாரித்துக் கொடுத்த 4.6 கோடி பிஎல்-5சி பேட்டரிகளைப் பற்றி நோக்கியா எச்சரித்து, இலவசமாக மாற்றித் தர முன்வந்தது. 2016இல் பேட்டரிக் கோளாறால் சாம்சங் தன் கேலக்ஸி நோட் 7 ஃபோன்களையே திரும்பப் பெற்றது. இங்கெல்லாம் பதில் சொல்ல ஆள் இருந்தார்கள். பெயர் போட்டு விற்கும் மாற்று நிறுவனத்துக்கும் அந்தப் பொறுப்பு உண்டு. போலிக்கு யாரைப் பிடிப்பீர்கள்?

மாற்று பேட்டரியிலும் குறை உண்டு. சார்ஜ் சதவீதம் தப்பாகக் காட்டலாம், ஐஃபோனில் 'இது ஒரிஜினல்தானா தெரியவில்லை' என்ற எச்சரிக்கை வரலாம், ஆயுளும் குறையலாம். வாங்கும்போது லேபிளில் ஒரு கணக்குப் போடுங்கள்: வோல்ட்டையும் எம்ஏஎச்சையும் (mAh, பேட்டரியின் கொள்ளளவு) பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால், லேபிளில் உள்ள வாட்-அவர் (Wh) வர வேண்டும்; 3.85 வோல்ட், 4000 எம்ஏஎச் என்றால் 15.4 வாட்-அவர். பொருந்தாவிட்டால் தொடாதீர்கள். அதே அளவு பேட்டரியில் இரண்டு மடங்கு எம்ஏஎச் என்று போட்டிருந்தாலும் நம்பாதீர்கள்.

ஃபோன் வாரண்டியில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், ஒரிஜினல்தான். தயாரிப்பு நின்று பல வருடமான மாடலுக்கு நேர்மாறு. அதற்கு இன்று 'ஒரிஜினல்' என்று கிடைப்பது பெரும்பாலும் போலி, இல்லையென்றால் பெட்டியிலேயே கிடந்து வலுவிழந்த பழைய சரக்கு. அங்கே, சமீபத்திய தயாரிப்புத் தேதி போட்ட மாற்று பேட்டரியைத்தான் நான் வாங்குவேன்.